நடுவில் மஞ்சள்

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாமல் அன்றோடு ஒன்பது நாள். சண்டை என்று அதைச் சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு குரல் வேண்டும். இங்கே அவள் பேச்சை நிறுத்தினாள்; அவர் காரணம் தெரிந்தவர் மாதிரி தலையை ஆட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை இருவரும் வீட்டுச் சாமான்களிடம் சொல்லி வந்தார்கள்.

"சோறு ஆறுது" என்பாள் அவள், அடுப்பைப் பார்த்து.

"மழை வர்ற மாதிரி இருக்கு. கொடியில துணி கிடக்கு" என்பார் அவர், குடையைப் பார்த்து.

குடை பதில் சொல்லாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் துணி உள்ளே வந்துவிடும்.

அவளைத் தெருவில் பூத்தையல்காரி என்பார்கள். தலையணை உறை, மேசை விரிப்பு, கைக்குட்டை, குழந்தைச் சட்டை என்று எது கொண்டுவந்து கொடுத்தாலும் அதில் பூவும் கொடியும் பேரும் நூலால் போட்டுத் தருவாள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் அவளுடைய நாற்காலி, எதிர்ச் சுவரோரம் அவருடைய மேசை. அவர் அச்சுக்காரர். மெல்லிய தாளில் படம் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டு போவார். அந்தத் தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் கரைத்த நீலப்பொடியைப் பஞ்சால் தொட்டுத் துடைத்தால், ஓட்டை வழியே நீலம் இறங்கித் துணியில் புள்ளி புள்ளியாகக் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் அவள் ஊசி நடக்கும். முப்பத்திரண்டு வருஷமாக அவர் போட்ட வழியில்தான் அவள் ஊசி போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் மண்ணெண்ணெய் வாசனைதான் வரவேற்கும்.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. மகள் ஒருத்தி, கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அவள் அன்றைக்குக் கூப்பிட்டு, "அப்பா சொன்னார், உனக்கு ஊசி கோக்கக் கண்ணு தெரியலையாமே? போதும்மா. எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்து உக்காருங்க" என்றாள்.

பூத்தையல்காரிக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. ஊசி கோக்கச் சிரமம் என்பது வீட்டுக்குள் இருக்க வேண்டிய செய்தி. நாற்காலியை விட்டு எழுந்து மகள் வீட்டில் சும்மா உட்கார் என்று சொல்வது, இனி நீ எதற்கும் ஆகமாட்டாய் என்பதாக அவளுக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டு அவரிடம் கேட்டாள்.

"என் கண்ணுக்கு என்ன கேடு? நீங்க அச்சடிக்கிற கோடு எனக்குப் பளிச்சுனு தெரியுது. போன வருஷத்தைவிட நல்லாவே தெரியுது. கோடு தெரியாதவ பூவை எங்க போடுவா, சுவத்துலயா?"

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். குற்றம் செய்தவன்தான் அப்படி மூடுவான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதுதான் கடைசி.

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் கூப்பிட்டு வந்தது "ஏங்க" என்றுதான். கோபத்தில் ஒரு ஏங்க, செல்லத்தில் ஒரு ஏங்க, காய் வாங்கப் போகிறவரைத் தெருமுனையில் நிறுத்துகிற நீண்ட ஏங்க என்று அதில் பல வகை உண்டு. அந்த ஒன்பது நாளும் அந்த வீட்டில் அந்தச் சொல் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் காலையில் அவள் நாற்காலியில் வந்து உட்காரும்போது, ஊசிமெத்தையில் பத்து ஊசிகள் நூல் கோத்தபடி நிற்கும். அவரும் ஒன்றும் சொல்லமாட்டார், அவளும் ஒன்றும் கேட்கமாட்டாள். ஊசிகள் பிறக்கும்போதே நூலோடு பிறந்தவை போல எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு நின்ற மூன்றாம் நாள் மத்தியானம் கடிகாரக்காரர் வந்தார்.

சந்தைக்குப் போகிற வழியில் இரண்டு கதவு அகலத்தில் ஒரு கடிகாரக் கடை உண்டு. அதற்குள் ஒற்றைக்கண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தே இருப்பார். வயது நாற்பத்தொன்று. சிறிய சக்கரங்களோடு பழகிப் பழகிப் பேச்சும் சிறிதாகிப்போனவர். எப்போதும் வாடிக்கைக்காரர்களைப் பூத்தையல்காரிதான் பார்ப்பாள். மாதிரித் துணியை விரித்துப் போடுவாள். அதில் அவள் கைவேலை அத்தனையும் வரிசையாக இருக்கும். வந்தவர்கள் விரலை வைத்து, இது, இந்தக் கொடி, அந்தப் பூ என்று காட்டுவார்கள். யாரும் பேர் சொல்லிக் கேட்டதில்லை. அன்றைக்கோ, வெளியே வந்தால் புருஷன் பக்கத்தில் நிற்க வேண்டுமே என்று அவள் சமையலறையிலேயே இருந்துவிட்டாள். அச்சுக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு எழுந்து போனார். மாதிரித் துணியை விரிக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

வெளிர்நீலத்தில் பன்னிரண்டு தலையணை உறை கொண்டுவந்திருந்தார் கடிகாரக்காரர். யாருக்கு என்று கேட்டதற்கு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனக்குக் கல்யாணம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார், ஏதோ தப்பை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

"அடடே, நல்ல சேதி. அப்ப பொண்ணு வீட்டுக்கா?"

"ஆமா."

"என்ன போடணும்?"

"டெய்சி."

"எங்க?"

"மூலையில. ஒவ்வொண்ணுலயும்."

"நூல்?"

"வெள்ளை."

அவ்வளவுதான். படியிறங்கிப் பத்தடி போனவர் திரும்பி வந்தார். "நடுவுல மஞ்சள் வரணும். அது முக்கியம்" என்றார். அச்சுக்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். டெய்சி என்றால் பூ என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியாது. அந்தப் பூவை அவள் ஆயிரக்கணக்கில் போட்டவள். நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு, சுற்றிலும் கண்ணி கண்ணியாக வெள்ளை இதழ். நூலைக் கட்டைவிரலால் பிடித்து, ஊசியைக் குத்திய இடத்திலேயே திரும்பக் குத்தி, நுனியில் ஒரு சின்னப் பூட்டுப் போட்டால் ஓர் இதழ். சிறு வயதில் அவள் வேலை கற்ற தையல்கூடத்தில் அதை லேசு என்பார்கள். போடுவதற்கு லேசாக இருப்பதால் லேசு என்றுதான் அங்கே இருந்த பெண்கள் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படியே நினைத்து, அப்படியே சொல்லி, அவரும் அப்படியே எழுதி, அந்த வீட்டில் அந்தப் பூ லேசுப்பூ ஆகிவிட்டது. நிஜத்தில் அப்படி ஒரு பூ எங்கே பூக்கிறது என்று அவர்கள் யோசித்ததில்லை. மாதிரித் துணியில் பூத்தது, அது போதும்.

அதனால் நோட்டைப் பார்த்தபோது அவள், பெண்ணின் பேர் டெய்சி போலிருக்கிறது, நல்ல பேர் என்று நினைத்தாள். கல்யாணத் தலையணையில் பேர் போடுவது எப்போதும் வருகிற வேலைதானே. ஆனால் நடுவில் மஞ்சள் என்பது அவளை உறுத்தியது. பேருக்கு நடுவில் எதற்கு மஞ்சள்? வேறு நாளாக இருந்தால், "ஏங்க, இது என்ன கூத்து, போய்க் கேட்டுட்டு வாங்களேன்" என்றிருப்பாள். அவருக்கும் அதே சந்தேகம் இருந்தது. அவரும் அவளிடம் கேட்க நினைத்தார். கேட்காமல், கத்திரிக்கோலைப் பார்த்து, "மூணு எழுத்து. நடு எழுத்து மஞ்சள்" என்றார். அவள் நூல்பெட்டியைப் பார்த்து, "சரி" என்றாள். ஒரு கேள்வியில் தீர்ந்திருக்க வேண்டியது அப்படித்தான் தப்பிப் போனது. கடவுள் கொடுத்த நாக்கைப் பூட்டி வைத்தால் அதற்கு வட்டியைப் பக்கத்து வீட்டுக்காரன்தான் கட்ட நேரும்.

வெள்ளையில் டெ, மஞ்சளில் புள்ளியோடு ய், வெள்ளையில் சி. கொடி ஓடுகிற மாதிரி வளைத்து எழுதியிருந்தார் அவர். பன்னிரண்டு உறையிலும் அவள் தைத்தாள். யாருக்குப் பேர் போட்டாலும், கடைசி முடிச்சுப் போடும்போது, "சாமி, இந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்" என்று உதட்டுக்குள் சொல்வது அவள் வழக்கம். டெய்சிக்காகப் பன்னிரண்டு தடவை சொன்னாள். ஏழாம் நாள் முடித்து, வெள்ளைத் தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். கடிகாரக்காரர் பெட்டியைப் பிரித்துப் பார்க்கக் கூச்சப்பட்டு அப்படியே பெண் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், தூறலில் நனைந்துகொண்டு அதே பெட்டியோடு வாசலில் நின்றார். பெட்டி நனையாமல் சட்டைக்குள் பிடித்திருந்தார், அவர்தான் நனைந்திருந்தார்.

"உள்ள வாங்க தம்பி. என்ன ஆச்சு, அளவு சரியில்லையா?" என்றாள் பூத்தையல்காரி.

அவர் பெட்டியைத் திறந்து மேலே இருந்த உறையை எடுத்து மேசையில் விரித்தார். "இது யாரு?" என்றார்.

"யாருன்னா?"

"டெய்சி யாரு?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க கட்டிக்கப் போற பொண்ணு இல்லையா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். "நான் பூ சொன்னேன்."

"டெய்சின்னு ஒரு பூவா?"

கடிகாரக்காரர் நோட்டை எடுத்து, பின்பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டார். சுற்றி இதழ் இதழாக வரைந்தார். மூன்றாவது இதழிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஐயையோ, இது லேசு. தம்பி, இது லேசுங்க. இதை நான் கண்ணை மூடிட்டுப் போடுவேனே" என்றாள். எதிர்ச் சுவரோரம் நாற்காலி கிரீச்சிட்டது. அச்சுக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்ததைக் கடிகாரக்காரர் துண்டு துண்டாகச் சொன்னார். பெண்ணுக்கு அம்மா அப்பா இல்லை. ஓர் அக்கா, பள்ளிக்கூட டீச்சர், அவர்தான் எல்லாம். வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் டீச்சர்தான் பெட்டியைத் திறந்திருக்கிறார். யார் இந்த டெய்சி, அவளுக்குத் தைத்ததைக் கொண்டுவந்து என் தங்கைக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். பூவைச் சொன்னேன், பேராகப் போட்டுவிட்டார்கள் என்று இவர் சொன்னதற்கு, டெய்சிப் பூ தெரியாத பூத்தையல்காரி உலகத்தில் உண்டா, பொய் சொன்னாலும் பொருத்தமாகச் சொல்லுங்கள் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், யோசித்துச் சொல்கிறோம் என்று பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"பொண்ணு என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. பார்த்தாங்க." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தவங்க அவங்க. நிச்சயம் ஆனப்புறம்தான் அந்தாளுக்கு வேற குடும்பம் இருக்குனு தெரிஞ்சுது."

பூத்தையல்காரி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால், முப்பது வருஷமாகப் போடுகிற பூவின் பேர் தெரியாதவள் என்று முன்பின் தெரியாத வீட்டில் தானே தன் வாயால் சொல்ல வேண்டும். பேர் தெரியாததா, கண் தெரியாததா என்று யாராவது கேட்பார்கள். அது மகள் காதுக்கும் போகும். இவ்வளவையும் அவள் நினைத்துப் பார்த்தாள். நினைத்துவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கடிகாரக்காரரிடம் கொடுத்தாள்.

"தலையைத் துவட்டுங்க தம்பி. அப்படியே அவரைச் சட்டையை மாத்தச் சொல்லுங்க. அச்சுத்தாள் வச்சிருக்கிற தகரப்பெட்டியையும் எடுத்துக்கச் சொல்லுங்க."

அவர் மூன்றடி தள்ளித்தான் இருந்தார். "மாத்திக்கறேன்னு சொல்லுங்க தம்பி" என்றார்.

கடிகாரக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு முள்ளும் நன்றாக இருந்தும் ஓடாமல் நிற்கிற கடிகாரத்தை அவர் எத்தனையோ பார்த்தவர்.

பெண் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. படிக்கட்டில் ஈரக்குடைகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. கதவைத் திறந்தது டீச்சர்தான். மேசையில் பரீட்சைத் தாள்கள் அடுக்கியிருந்தன. கையில் சிவப்புப் பேனா. கடிகாரக்காரரைப் பார்த்ததும் முகம் இறுகியது. பின்னால் வயதான இரண்டு பேர் நனைந்தபடி நிற்பதைப் பார்த்து, "உள்ள வாங்க, உக்காருங்க" என்றார். ஜன்னலோரம் தங்கை நின்றாள். முப்பத்தாறு வயது. மருந்துக்கடை வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். வெள்ளைக் கோட்டு இன்னும் கையிலேயே தொங்கியது. வந்தவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வெளியே பார்த்தாள்.

பூத்தையல்காரி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். தன் தொழில் இது, இந்த உறையைத் தைத்தது தான், டெய்சி என்றால் பூ என்று இன்று சாயங்காலம் வரை தனக்குத் தெரியாது, இந்தத் தம்பிமேல் ஒரு குற்றமும் இல்லை. அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

டீச்சர் பேனாவை மூடி வைத்தார். "முப்பது வருஷமாப் போடற பூ. பேர் தெரியாதுங்கறீங்க. இதை நான் நம்பணுமா?"

"நம்ப வேணாம்மா. பாருங்க, போதும்."

தகரப்பெட்டியை அச்சுக்காரர் மேசைமேல் வைத்துத் திறந்தார். மண்ணெண்ணெய் வாசனை அறையெல்லாம் பரவியது. பழுத்த தாள்கள், ஓரமெல்லாம் நீலம். ஒவ்வொன்றின் மூலையிலும் அவருடைய குண்டு எழுத்தில் பேர் இருந்தது. டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். லேசு 5. லேசு 8. லேசுக் கொடி. குழந்தைச் சட்டைக்கு லேசு. ஐந்து என்றால் ஐந்து இதழ், எட்டு என்றால் எட்டு என்று அச்சுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"லேசு" என்று டீச்சர் தனக்குள் சொல்லிப் பார்த்தார். "லேசு... லேசி... ஓ, லேசி டெய்சி. எங்க ஸ்கூல்ல தையல் வகுப்புல சொல்லிக் கொடுப்பாங்க. அந்தத் தையலோட பேரே லேசி டெய்சி. நீங்க முன்பாதியை வச்சுக்கிட்டு பின்பாதியை விட்டுட்டீங்க."

"அப்ப லேசின்னா லேசு இல்லையா?"

"லேசின்னா சோம்பேறி."

"ஏம்மா, ராத்திரி பகலா உக்காந்து இத்தனை வருஷமா நான் சோம்பேறிப் பூவா போட்டுக்கிட்டிருந்தேன்?" என்றாள் பூத்தையல்காரி. டீச்சருக்கு உதடு கொஞ்சம் அசைந்தது. ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை.

"சரி. உங்களுக்குத் தெரியாதுங்கறதை நான் ஒத்துக்கறேன். ஆனா இவர் பூவைத்தான் சொன்னார்னு எப்படித் தெரியும்? ஒரு பொண்ணு பேரைச் சொல்லியிருந்தாலும் நீங்க இதையேதானே தச்சிருப்பீங்க?"

அது நியாயமான கேள்வி. கடிகாரக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசமாட்டாரா என்று பூத்தையல்காரிக்கு இருந்தது. உடனே, தன் வீட்டிலும் ஒன்பது நாளாக அப்படி வாயைத் திறக்காத ஒருத்தி இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. சாமி, என் பிடிவாதத்துக்கு இந்தப் பிள்ளைகளைத் தண்டிக்காதே என்று மனதுக்குள் சொன்னாள்.

அப்போது அச்சுக்காரர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். "அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கேன்மா. ஒரு எழுத்துகூட நான் சேர்க்கல."

டீச்சர் வாங்கிச் சத்தமாகப் படித்தார். "தலையணை உறை பன்னிரண்டு. மூலையில் டெய்சி. வெள்ளை. நடுவில் மஞ்சள்."

ஜன்னலோரம் நின்றவள் திரும்பினாள். "கடைசியா என்னக்கா?"

"நடுவில் மஞ்சள்."

அவள் மேசைக்கு வந்தாள். "நடுவுல மஞ்சள்னு அவரே சொன்னாரா?" என்று அச்சுக்காரரைக் கேட்டாள்.

"படியிறங்கிப் போனவர் திரும்பி வந்து சொன்னார்மா. அது முக்கியம்னார். எங்களுக்குப் புரியல. நடு எழுத்தை மஞ்சள்ல போட்டுட்டோம்."

அவள் பெட்டியிலிருந்து ஓர் உறையை எடுத்து, வெள்ளை எழுத்துகளுக்கு நடுவில் இருந்த அந்த மஞ்சள் எழுத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு இரண்டு நாளில் முதல் தடவையாகக் கடிகாரக்காரரை நேராகப் பார்த்தாள்.

"காலண்டரா?"

"ம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அக்காவிடம் சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கடையில சுவர்க்கடிகாரம் நின்னுடுச்சுன்னு இவரைக் கூப்பிட்டோம்க்கா. ஏணி மேல நின்னுட்டு, பக்கத்துல மாட்டியிருந்த காலண்டரைக் காட்டி இது என்ன பூன்னு கேட்டார். டெய்சி, எனக்குப் பிடிச்ச பூ, நடுவுல மஞ்சள் இருக்கறதாலதான் பிடிக்கும்னு சொன்னேன். ரெண்டு வருஷம் ஆச்சு. சொன்ன நானே மறந்துட்டேன்." உறையை அக்கா பக்கம் திருப்பினாள். "ஒரு பொண்ணு பேரு போடச் சொல்றவன் நடுவுல மஞ்சள் கேப்பானா?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே இன்னொரு தடவை துடைத்தார். அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல், மேசையில் பரவிக் கிடந்த அச்சுத்தாள்களை அடுக்கத் தொடங்கினார். எதையும் ஒழுங்காக வைத்துப் பழகிய கை. அடுக்கிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"ஏன் எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு? லேசு எட்டு இதோ ஒண்ணு, இதோ இன்னொண்ணு. இதுல மட்டும் ஓட்டை பெரிசா இருக்கே."

அச்சுக்காரர் தாளை வாங்கக் கை நீட்டினார். "பழசு கிழிஞ்சுடுமேனு..."

"கிழியலையே. நல்லாத்தானே இருக்கு?"

அவருக்குப் பொய் வராது. அன்றைக்கும் வரவில்லை. பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கோடு கொஞ்சம் தடிப்பா விழட்டும்னு வேற குத்தினேன்மா. அவளுக்குத் தெரியணும்ல."

"எல்லாத்தையுமா?"

"நூத்துநாப்பது இருந்துச்சு. மத்தியானம் அவ தூங்கறப்ப ஒண்ணு ரெண்டா முடிச்சேன். ஒரு வருஷம் ஆச்சு."

பூத்தையல்காரி இரண்டு தாளையும் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பழைய தாளில் அவள் கண்ணுக்கு வெளிச்சம் தெரியவில்லை, மங்கலாக ஒரு நிழல் மட்டும் தெரிந்தது. புதிய தாளில் எட்டு இதழும் மணி மணியாக மின்னின. போன வருஷத்தைவிட நல்லாவே தெரியுது என்று அவள் அவரிடம் கத்தியபோது, அவர் வாயைத் திறந்து மூடியது ஞாபகம் வந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லி அவளை அன்றைக்கே வாயடைக்க வைத்திருக்கலாம். சொல்லவில்லை. ஒன்பது நாள் அடுப்போடும் குடையோடும் பேசிக்கொண்டிருந்தார், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

அவள் தாள்களைப் பெட்டிக்குள் வைத்தாள். எது மேலே எது கீழே என்று பார்த்து, பெரிய ஓட்டைத் தாளை மேலே வைத்தாள்.

"அம்மா, இதைப் பிரிக்க முடியுமா?" என்று மருந்துக்கடைப் பெண் கேட்டாள்.

"பிரிச்சா ஊசி போன தடம் இருக்கும். ரெண்டு தடவை தண்ணியில அலசினா மூடிக்கும்" என்றாள் பூத்தையல்காரி. உறையை மடியில் போட்டுக்கொண்டு, 'டெ'யையும் 'சி'யையும் கத்திரி நுனியால் இழை இழையாக அறுத்து எடுத்தாள். மஞ்சள் எழுத்தையும் பிரித்தாள். அதன் தலையில் இருந்த புள்ளியை மட்டும் விட்டுவிட்டாள். வெளிர்நீலத்தில் ஒரு மஞ்சள் பொட்டு தனியாக நின்றது.

ஊசிக்குக் கை நீட்டியபோது, ஊசிமெத்தை ஏற்கெனவே பக்கத்தில் இருந்தது. நூல் கோத்த ஊசிகளோடு அதை அவர் சட்டைப்பையிலேயே கொண்டுவந்திருந்தார். அவள் ஒன்றை எடுத்தாள். அச்சு வேண்டியிருக்கவில்லை. பொட்டை ஒட்டிக் குத்தி, நூலைக் கட்டைவிரலால் பிடித்து, திரும்பக் குத்தி, நுனியில் பூட்டினாள். ஓர் இதழ். அறையில் எல்லோரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரக்காரர் வழக்கப்படி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். எட்டாவது இதழைப் பூட்டியபோது அவள் உதடு வழக்கம்போல அசைந்தது.

"என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டாள் பெண்.

"ஒண்ணுமில்லை. முடிக்கறப்ப வேண்டிக்கறது. அந்த டெய்சி நல்லா இருக்கணும்னு பன்னிரண்டு தடவை வேண்டிக்கிட்டேன். இல்லாத பொண்ணுக்கு."

"அது வேற எங்கயும் போயிருக்காதும்மா" என்றாள் அவள். "விலாசம் இதுதானே."

டீச்சர் பூவை வாங்கிப் பார்த்தார். தாள் திருத்துகிறவர் பார்ப்பது போலத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு கடிகாரக்காரரிடம் துண்டு ஒன்றைக் கொடுத்து, "ஈரத்தோட எவ்வளவு நேரம் நிப்பீங்க, உக்காருங்க" என்றார். பூத்தையல்காரியிடம், "மீதியை ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுடுவீங்களா?" என்று கேட்டார்.

யோசித்துச் சொல்கிறோம் என்றதற்கு அதுதான் பதில் என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது. கடிகாரக்காரர் உட்கார்ந்தார்.

"பதினொண்ணு. முடிச்சுடலாம்மா."

"பத்து போதும்" என்றாள் தங்கை, ஓர் உறையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு. "இது பேரோட இருக்கட்டும். நாளைக்கு இவர் ரொம்பப் பேசாம இருந்தா, டெய்சி யாருன்னு கேட்டு நான் சண்டை போடணும்."

டீ வந்தது, ரொட்டி வந்தது. அவர்கள் படியிறங்கி வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தூறல் நிற்கவில்லை. இருந்தது ஒரு குடை. தகரப்பெட்டி நனையாமல் அவர் அதைப் பெட்டிப் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தார். பெட்டிப் பக்கம் அவள் நடந்தாள். அவருடைய மறு தோள் நனைந்துகொண்டிருந்தது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் அவளுக்கு ஒரு மங்கலான வளையம் தெரிந்தது. கொஞ்ச காலமாகவே அப்படித்தான் தெரிகிறது. மழையால் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். மழையில்லாத நாளிலும் அப்படித்தான் தெரிந்தது.

கடைத்தெரு முனை வரைக்கும் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அங்கே வந்ததும் அவள் நின்றாள்.

"ஏங்க."

குடை நின்றது.

"கண்ணாடிக் கடை காலையில எத்தனை மணிக்குத் திறப்பான்?"

"ஒம்போது மணிக்கு" என்றார் அவர். குடையைப் பார்த்துச் சொல்லவில்லை.